சிறப்பு நூலகங்களும் தகவல் நிலையங்களும் – சில சிந்தனைகள்

நூலகம் என்றதும் அமைதி நிலவும் வாசிப்பு மண்டபமும் வரிசையாக அடுக்கப்பட்ட நூல்களுமே பெரும்பாலோரின் மனக்கண் முன் தோன்றுகின்றன. பொது நூலகத்துக்கு இச்சித்திரம் பொருந்தும். ஆனால், ஓர் ஆராய்ச்சி நிறுவகத்தினுள்ளோ வங்கியினுள்ளோ இயங்கும் சிறப்பு நூலகத்துக்கு இது பொருந்தாது. அங்கு வருபவர் நூலைத் தேடி வருவதிலும் பார்க்க விடையைத் தேடியே வருகிறார். அவ்விடையும் அவருக்கு உடனே வேண்டும். ஐக்கிய அமெரிக்காவில் 1909ஆம் ஆண்டு ஜோன் கொட்டன் டானா முதலானோர் சிறப்பு நூலகங்களுக்கெனத் தனிச் சங்கம் அமைத்தமைக்கு இவ்வேறுபாட்டை உணர்ந்தமையே அடிப்படையாகும். வாசகரின் நேரத்தை மீதப்படுத்துவதை நூலகவியலின் ஐந்து விதிகளுள் ஒன்றாக எஸ். ஆர். இரங்கநாதன் 1931இல் வகுத்தார். ஏனைய நூலகங்களுக்கு அது ஐந்தில் ஒன்று; சிறப்பு நூலகத்துக்கோ அதுவே உயிர்.

இந்நூலகங்களின் உண்மையான செல்வம் கடைகளில் வாங்கப்படும் நூல்களன்று. 1925இல் நிறுவப்பெற்ற தேயிலை ஆராய்ச்சி நிறுவகத்தை எடுத்துக்கொள்வோம். 1946இல் இலங்கைத் தேயிலையில் கொப்புள நோய் தோன்றியது. அத்தகைய நோயொன்றை எதிர்த்து நடத்தப்படும் பரிசோதனைகளின் விபரங்கள் ஆண்டறிக்கைகளிலும் களக் குறிப்புகளிலும் சுற்றறிக்கைகளிலுமே முதலில் இடம்பெறுகின்றன. இவை சந்தைக்கு வருவதில்லை. பல வேளைகளில் ஒரு பிரதியே எஞ்சியிருக்கும். உத்தியோகத்தர் ஒருவர் ஓய்வுபெற்றுச் செல்லும்போது அவரது அலுமாரியிலுள்ள கோப்புகள் நூலகத்தைச் சேராவிடின், முப்பது ஆண்டு உழைப்பு பழைய கடதாசியாகிவிடும். ஒரே பிரதியை இழப்பதன் பொருள் என்னவென்பதை 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது தமிழ்ச் சமூகம் அறிந்துகொண்டது. நெருப்பு ஓரிரவில் செய்ததைக் கறையானும் ஈரமும் கவனயீனமும் ஓசையின்றிச் செய்து முடிக்கும்.

நிதிப் பிரச்சினை மற்றொன்று. ஆராய்ச்சிச் சஞ்சிகைகளுட் பெரும்பாலானவை வெளிநாட்டு நாணயத்தில் விலை குறிக்கப்படுபவை. 2022 மார்ச் மாதத் தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த டொலர், மே மாதத்தில் 360 ரூபாவை எட்டியது. நிதியொதுக்கீடு குறையாதிருந்தாலும் நூலகத்தின் வாங்குந்திறன் ஏறக்குறையப் பாதியாயிற்று. வரவை உடனடியாகக் காட்டும் பிரிவு அல்லாமையால், சிக்கனம் பேசப்படும்போது நிருவாகத்தின் கண்களில் முதலிற் படுவதும் நூலகமே. தவறான முடிவொன்றைத் தவிர்க்க உதவிய தகவலின் பெறுமதி எந்தக் கணக்கேட்டிலும் பதியப்படுவதில்லை.

அப்பெறுமதியை 2021ஆம் ஆண்டு இலங்கை மக்களுக்கு உணர்த்தியது. அவ்வாண்டு இரசாயன உர இறக்குமதி திடீரெனத் தடைசெய்யப்பட்டது. விவசாய விஞ்ஞானிகள் பலர் எச்சரித்தனர். பயிருக்கு எவ்வளவு உரம் இட்டால் எவ்வளவு விளையும் என்பதுபற்றிய பல்லாண்டுப் பரிசோதனை முடிவுகள் இந்நாட்டு ஆராய்ச்சி நிறுவகங்களிலேயே இருந்தன. எனினும், நவம்பரில் தடை தளர்த்தப்படுவதற்குள் உழவர் பெருநட்டம் கண்டனர். ஆட்சியாளரை வாசிக்கச் செய்யும் வல்லமை எந்த நூலகருக்கும் இல்லை என்பது உண்மையே. ஆயினும், வினா எழும் முன்னரே விடையைச் சுருக்கித் தொகுத்து, உரியவரின் மேசையிலும் பத்திரிகையாளரின் கையிலும் சேர்ப்பிப்பது தகவல் நிலையத்தின் பணியாகும். கேட்பவருக்காகக் காத்திருப்பது மட்டும் சேவையாகாது.

உரியவர் யார் என்ற வினாவும் இங்கு எழுகின்றது. தேயிலை ஆராய்ச்சியின் முதன்மையான கட்டுரைகள் ஆங்கிலத்தில் எழுதப்படுகின்றன. தலவாக்கலையைச் சூழவுள்ள மலைச்சரிவுகளிற் கொழுந்து பறிப்போரின் மொழியோ தமிழ். தம் உழைப்பையும் உடல்நலத்தையும் பற்றிய அறிவு தம் மொழியில் கிடைக்காதவரை, அந்நிலையம் அவர்களுக்கு அயலிலிருந்தும் தொலைவிலுள்ளதேயாகும். மும்மொழியிலும் பொருட்சுருக்கம் தயாரிக்க வல்ல நூலகர்களைப் பயிற்றுவிப்பது பல்கலைக்கழகங்களின் கடமையன்றோ?

கணினி இப்பிரச்சினைகளுட் சிலவற்றைத் தீர்க்கும். 2005இல் தொடங்கப்பட்ட நூலகம் எண்ணிம நூலகம் ஈழத்துத் தமிழ் ஆவணங்களைப் பெருமளவில் மின்வடிவாக்கி, ஒரே பிரதியின் ஆபத்தைக் குறைத்துள்ளது. ஆனால், எதனைச் சேர்ப்பது, எப்பொருளின்கீழ் வகுப்பது, எவருக்கு அறிவிப்பது என்பவற்றை இயந்திரத்திடம் மட்டும் விட்டுவிட முடியாது. பொருளறிவும் மக்களறிவும் வாய்ந்த நூலகரே அதனைச் செய்தல் வேண்டும். அத்தகையோரை எழுதுவினைஞராகக் கருதாது ஆய்வாளருக்கு நிகராக மதிக்கும் நிறுவனமே தன் நினைவை இழக்காது நிலைபெறும்.