நான் கட்டிய ஹெலிகாப்டர்

"ஐயா, அது மெய்யாகவே பறக்குமா?" என்று அலுவலக அலமாரியின்மேல் நிற்கும் ஹெலிகாப்டரைக் காட்டி மாணவச் செல்வங்கள் என்னைக் கேளாத நாளில்லை. பறக்கும் என்றதும், "அப்படியாயின் நம் திடலில் ஏன் பறக்கவிடுவதில்லை?" என்ற அடுத்த கேள்வி பிறக்கும். முதற் கேள்விக்கு ஒரு சொல்லில் விடையிறுத்துவிடலாம். இரண்டாவதற்கு விளக்கம் வேண்டும். பெற்றோர் சிலரும் அதையே கேட்டமையால், ஆண்டு மலரில் எழுதலாமெனத் துணிந்தேன்.

இவ்வகையைக் 'கேஸ் ஹெலிகாப்டர்' என்பர். கேஸ் என்றதும் நம் வீட்டுப் பெண்மணிகள் சமையலறைத் தோம்பை நினைத்துக்கொள்ள வேண்டா. அமெரிக்கர் பெட்ரோலை அவ்வாறு அழைப்பதால் வந்த பெயர் இது. இதன் இயந்திரம் 23 கன சென்டிமீட்டர் கொள்ளளவுடையது. செம்பனை வரிசைகளுக்கிடையே நம் தொழிலாளர் முதுகில் சுமந்து புல் வெட்டுகிறார்களே, அந்த இயந்திரத்திற்கு உடன்பிறப்பு. பெட்ரோலில் டூ-டி எண்ணெயைக் கலந்தே இதற்கும் ஊற்ற வேண்டும். ஆகவேதான், தோட்டப் பட்டறையில் பழுது பார்க்கும் தம்பியொருவரின் துணையை நாடினேன். அவருடைய மக்கள் இருவர் நம் பள்ளியில் பயில்கின்றனர். அவர் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, அதன் நுனியின் நிறத்தைப் பார்த்தே கார்புரேட்டர் ஊசியைத் திருத்துவார். வெளுத்திருந்தால் எரிபொருள் போதவில்லை. கரி படிந்திருந்தால் மிகுதி. இளம் பழுப்பாயின் சரி. இதை நான் நூல்களில் படித்துத் தெரிந்துகொண்டேன். அவரோ பல்லாண்டுக் கைப்பழக்கத்தால் அறிந்திருந்தார்.

மாதிரி என்பதைச் சிறுவர் விளையாட்டு என்று சிலர் எண்ணக்கூடும். வரலாறு வேறு சொல்கிறது. அமெரிக்கரான ஆர்தர் யங் என்பார் சிறு மாதிரிகளைக் கட்டிப் பறக்கவிட்டே, சுழலியை ஆடாமல் நிறுத்தும் தண்டினைக் கண்டறிந்தார். அவர் 1941இல் பெல் நிறுவனத்தில் சேர்ந்தார். அங்கு உருவான பெல் 47, 1946இல் பொதுமக்கள் பயன்பாட்டுக்கான சான்றிதழைப் பெற்றது. என் ஹெலிகாப்டரின் தலையிலும் அத்தகைய தண்டொன்று உண்டு. புதியனவற்றில் அவ்வேலையை மின்னணுக் கருவியே செய்துவிடுகிறது.

பாகங்களைப் பூட்டுவது கடினமன்று; பொறுமையிருந்தால் போதும். உலோகத்தில் செல்லும் ஒவ்வொரு திருகிலும் பசை ஒரு துளி இட வேண்டும். இன்றேல் அதிர்வில் கழன்றுவிடும். பற்சக்கரங்கள் இரண்டிற்கும் இடையே மெல்லிய தாளைச் செருகி இடைவெளியை அமைக்க வேண்டும். பெட்ரோல் செல்லும் குழாய் சிலிக்கோனாக இருத்தலாகாது. அது பெட்ரோலில் ஊறி வீங்கிக் கெட்டுவிடும்.

உண்மையான வேலை அதன் பின்னரே தொடங்குகிறது. சுழலியின் அடியிலுள்ள சாய்தட்டு மட்டமாக நிற்க வேண்டும். கட்டுப்பாட்டுக் கோல் நடுவில் இருக்கும்போது இறக்கைகள் ஏறத்தாழ 5 பாகை சாய்ந்திருக்குமாறு அமைத்தேன். இரண்டும் ஒரே அளவாயிருத்தல் இன்றியமையாதது. இவ்விடத்தில் ஆறாம் ஆண்டு மாணவர்களை அழைத்தேன். பாகைமானியைத் தாளில் மட்டுமே வைத்துப் பழகியவர்கள், இறக்கையின் சாய்வை அளந்தபோது காட்டிய கவனத்தை நான் கணக்குத் தேர்விலும் கண்டதில்லை. இரண்டு இறக்கைகளுக்கும் ஒரு பாகை வேறுபாடு இருப்பதை முதலில் கண்டுபிடித்தவள், கணக்கு என்றாலே கடைசி வரிசைக்குச் செல்லும் ஒரு மாணவி. பின்னர் இறக்கைகளை நிறுத்துப் பார்த்து, இலேசானதன்மீது ஒட்டுநாடாவை ஒட்டிச் சமன் செய்ததும் அவர்களே.

இனி இரண்டாம் கேள்விக்கு வருவோம். இறக்கைகள் சுழலும் வட்டத்தின் விட்டம் சுமார் 1.5 மீட்டர். நிமிடத்திற்கு 1,500 சுற்று, அதாவது ஒரு வினாடிக்கு 25 சுற்று. மாணவர்களே கணக்கிட்டுப் பாருங்கள்: இறக்கை நுனி மணிக்கு 420 கிலோமீட்டருக்கும் மேலான வேகத்தில் செல்லும். ஓர் இறக்கையின் எடை 180 கிராம்தான். ஆயினும் அவ்வேகத்தில் அது தன் ஆணியை இழுக்கும் விசை, 50 கிலோ உர மூட்டைகள் நான்கினைத் தொங்கவிட்டதற்கு ஏறக்குறைய ஒப்பாகும். 2013ஆம் ஆண்டு நியூயார்க் நகரப் பூங்கா ஒன்றில், இத்தகைய ஹெலிகாப்டரை இயக்கிய 19 வயது இளைஞர் அதன் இறக்கை தாக்கி உயிர் நீத்தார். அவர் புதியவரும் அல்லர், பழகியவர்.

ஆகவேதான், மறுநடவுக்காகத் துப்புரவாக்கப்பட்ட நிலத்தில், நிருவாகத்தின் அனுமதியுடன், பட்டறைத் தம்பியும் நானும் மட்டுமே சென்றோம். முதலில் இயந்திரத்தை முடுக்காமலேயே ஜைரோவைச் சோதித்தோம். மூக்கைக் கையால் இடப்புறம் திருப்பினால், வால் சுழலி அதை வலப்புறம் தள்ளுமாறு சாய வேண்டும். மாறியிருந்தால் தரையைவிட்டு எழுந்தவுடன் பம்பரமாகிவிடும். வானொலித் தொடர்பு அறுந்தால் இயந்திரம் தானே வேகம் குறைகிறதா என்றும் பார்த்தோம். ஓர் இறக்கை நுனியில் சிவப்பு நாடா ஒட்டினோம். இயங்கும்போது தொலைவிலிருந்து நோக்கினால் எந்த இறக்கை மேலே ஓடுகிறது என்பது அந்நிறத்தால் தெரியும். சிவப்பே மேலே ஓடியது. நிறுத்தி, இணைப்புக் கம்பியை ஒரு சுற்றுத் திருகிச் சரிசெய்தோம். சறுக்குக் கால்களில் குறுக்காகக் கட்டிய நீண்ட கம்பிகளின் நுனியில் பிங்பாங் பந்துகள். கவிழாமலிருக்க அவை துணை. நான்காம் முயற்சியில் அது முழங்கால் உயரம் எழுந்து, அங்கேயே நின்றது. "நிக்குது ஐயா, நிக்குது!" என்று தம்பி கூவினார். நான் அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை. கண்ணை எடுக்க இயலாது.

இவ்வாண்டு விளையாட்டுப் போட்டியில் இதைப் பறக்கவிட வேண்டுமென்று பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் அன்புடன் கேட்டனர். நான் இசையவில்லை. நானூறு பிள்ளைகள் கயிற்றுக்கு அப்பால் நிற்கும் திடலில், ஒரு திருகு கழன்றாலும் நான் என்ன விடை சொல்வேன்? தம்பியின் மகன் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. அவன் கோபம் நியாயமானதே.

போட்டி நாளன்று, எரிபொருள் வடிக்கப்பட்டு, ஸ்பார்க் பிளக் கழற்றப்பட்ட நிலையில் அது மண்டப மேசையில் இருக்கும். மேல் சுழலியைக் கையால் மெல்ல ஒரு சுற்றுச் சுற்றி, வால் சுழலி எத்தனை முறை சுழல்கிறதென எண்ணலாம். பெற்றோரின் ஐயங்களுக்குப் பட்டறைத் தம்பி விளக்கமளிப்பார்.