பழைய பெட்டிக்குள் ஒரு நிலவு

பழுது பார்த்தல் என்பது நம் மொழியில் உள்ள நல்ல சொற்களுள் ஒன்று. பழுதை நீக்குவது பின்னால் வரும் வேலை. அதற்கு முன் அதைப் பார்க்க வேண்டும். சென்ற குளிர்காலம் முழுவதும் நாம் செய்தது பெரும்பாலும் அந்தப் பார்த்தல்தான்.

பார்க்கப்பட்ட பொருள் ஆளுயரப் பெட்டி ஒன்று. காசு போட்டால் ஆடவிடும் மின்னணு விளையாட்டுப் பெட்டி. 'ஸ்பேஸ் இன்வேடர்ஸ்' என்பது அதன் பெயர். விண்ணிலிருந்து படையெடுத்து வருவோர் என்று பொருள் கொள்ளலாம். ஜப்பானில் டைட்டோ நிறுவனத்தில் பணியாற்றிய தொமோஹிரோ நிஷிகாடோ என்பவர் 1978-ல் இதனை ஆக்கினார். அமெரிக்காவில் செய்து விற்கும் உரிமையை மிட்வே நிறுவனம் பெற்றது. அந்த நிறுவனம் அக்காலத்தில் இயங்கியது, நாம் இப்போது குடியிருக்கும் சிகாகோ நகரை ஒட்டிய பகுதியில். ஆகவே இந்தப் பெட்டி தன் பிறந்த ஊரை விட்டு அதிக தூரம் போய்விடவில்லை. காயல்பட்டினத்துக் கடற்கரையில் பிறந்து இங்கே வந்து சேர்ந்த நமக்கு அந்தப் பாக்கியம் இல்லை.

காசு போட்டுத் துணி வெளுக்கும் கடை ஒன்றை மூடினார்கள். பின்கட்டில் ஈரத்திலும் தூசியிலும் நின்றிருந்த பெட்டியை, தூக்கிச் செல்லும் கூலி உங்களுடையது என்று சொல்லிக் கொடுத்துவிட்டார்கள். வீட்டின் நிலவறையில் கொண்டுவந்து இறக்கியபோது, "இருக்கிற சாமான் போதாதென்று இதுவுமா?" என்று கேட்டார் நம் இல்லத்தரசி. ஜும்ஆ தொழுகை முடிந்து வெளியே வருகையில் நண்பர் ஒருவரும் இந்த வயதில் விளையாட்டா என்று சிரித்தார். விளையாடுவதற்கு அல்ல என்று சொன்னோம். எதற்கு என்று அவர் கேட்கவில்லை, அதுவும் நல்லதாயிற்று.

கல்லூரிப் படிப்பைப் பாதியில் நிறுத்திவிட்டு, அந்த ஆண்டு இலையுதிர் காலத்தில் நம் மகன் வீடு திரும்பியிருந்தான். ஏன் என்று அவன் சொல்லவில்லை. கேட்ட அன்றெல்லாம் மாடி அறைக் கதவு சாத்திக்கொண்டது. கேட்பதை நிறுத்தினோம். கீழே பெட்டியின் பின்கதவைக் கழற்றிக்கொண்டிருந்த ஓர் இரவு படிக்கட்டில் காலடிச் சத்தம் கேட்டது. "வாப்பா, டார்ச் லைட்டை நான் பிடிக்கட்டுமா?" என்றான். பிடி என்றோம்.

உள்ளே கண்டதைச் சற்று விரிவாகவே சொல்லலாம். பார்ப்பவர் நினைப்பது போலத் திரை நேராக ஆடுபவரை நோக்கி நிற்பதில்லை. பிக்சர் டியூப் கீழே, மேல்நோக்கிக் கிடக்கிறது. அதற்கு மேலே சாய்வாக ஒரு கண்ணாடி, பாதி ஒளியைத் திருப்பிப் பாதி ஒளியை உள்ளே விடும் வகை. அந்தக் கண்ணாடிக்குப் பின்னால் நிலவின் தரையும் வானமும் தீட்டிய ஓர் அட்டை. அதற்குக் கண்ணுக்குத் தெரியாத ஊதா ஒளி வீசும் குழல்விளக்கு. டியூபில் தெரியும் வெள்ளை உருவங்கள் கண்ணாடியில் பட்டு, தீட்டிய நிலவின் மேல் மிதப்பது போலத் தோன்றுகின்றன. டியூபுக்கு நிறம் கிடையாது. கறுப்பு வெள்ளை மட்டுமே. கீழே பச்சையும் மேலே செம்மஞ்சளும் காட்டுவது, ஒட்டி வைத்த நிறத்தாள். எளிய தந்திரம், ஆனால் எவ்வளவு அழகு!

டியூபை வெளியே எடுத்து முதன்முதல் ஒளிரச் செய்தபோது, "எழுத்தெல்லாம் திரும்பி நிற்கிறதே வாப்பா, ஒயரை மாற்றிக் கொடுத்துவிட்டோமா?" என்று பதறினான் மகன். கண்ணாடியில் நேராகத் தெரிய வேண்டுமானால் டியூபில் திரும்பித்தான் நிற்க வேண்டும். வலமிருந்து இடம் ஓடும் எழுத்து நமக்குப் புதிதா என்ன? அரபுத்தமிழ்க் கிதாபுகளை வைத்துக்கொண்டு பாட்டிமார் ஓதிய வீட்டிலிருந்து வந்தவர்கள் நாம். அதைச் சொன்னபோது அவன் சிரித்தான். பல வாரங்களுக்குப் பின் கேட்ட சிரிப்பு.

அந்த டியூபைக் கழற்றிய நாளை மட்டும் விரைந்து கடந்து போக முடியாது. மின்சாரத்தைத் துண்டித்த பிறகும் பிக்சர் டியூப் தன்னுள் மின்சாரத்தைத் தேக்கி வைத்திருக்கும். அதன் அழுத்தம் 10,000 வோல்ட்டையும் தாண்டக்கூடும். அதை வடித்துவிடாமல் தொடக்கூடாது. பிடி காப்பிட்ட நீண்ட திருப்புளியின் இரும்பில் ஒரு கம்பியைக் கட்டி, மறு முனையை டியூபின் உலோகச் சட்டத்தில் பிணைத்து, பக்கவாட்டில் உள்ள ரப்பர்க் குமிழுக்கு அடியில் நுழைக்க வேண்டும். இடது கை முதுகுக்குப் பின்னால் இருக்க வேண்டும். மின்சாரம் ஒரு கையில் நுழைந்து மறு கை வழியே போனால் நெஞ்சைக் கடந்துதானே போகும். இதனை நான் செய்கிறேன் என்றான் மகன். நமக்கு வாய் எழவில்லை. முடிக்கப்படாத படிப்பு ஒன்று ஏற்கெனவே அவன் தோளில் இருந்தது. இதையும் உன்னால் ஆகாது என்று சொல்லும் துணிவு நமக்கு இல்லை. ஆகும் என்று சொல்லும் துணிவும் உடனே வரவில்லை. இருமுறை செய்முறையைச் சொல்லச் சொல்லிக் கேட்டுவிட்டு, திருப்புளியை அவன் கையில் கொடுத்தோம். 'டப்' என்று ஒரு வெடிப்பு. நீல நிறத்தில் ஒரு பொறி. மேலிருந்து, "என்ன சத்தம் அது?" என்று அவன் உம்மா கேட்டார். "ஒன்றுமில்லை உம்மா" என்று இருவர் குரலும் சேர்ந்தே எழுந்தன.

மற்ற வேலைகளில் அச்சம் இல்லை, பொறுமைதான் தேவைப்பட்டது. அடிப்பலகை ஈரம் குடித்துப் பாளம் பாளமாகப் பிரிந்திருந்தது. அழுகியதை அறுத்தெடுத்துப் புதிய ஒட்டுப்பலகை பொருத்தினோம். மின் வழங்கியில் காய்ந்துபோன மின்தேக்கிகளை மாற்றினோம். இதன் மூளை இன்டெல் 8080 என்ற சில்லு. அதற்கு 5 வோல்ட், 12 வோல்ட், அவற்றோடு எதிர்முனையில் 5 வோல்ட் என மூவகை உணவு வேண்டும். ஒன்று தவறினாலும் கெடும். எனவே மீட்டரில் மூன்றையும் அளந்து பார்த்த பின்பே பலகையை இணைத்தோம்.

இணைத்ததும் திரையின் ஒரு பகுதியில் எட்டு வரிக்கு ஒரு வரி புள்ளிக்கோடாக நின்றது. இதில்தான் மகனின் மூளை வேலை செய்தது. நினைவகத்தில் ஒவ்வோர் இடமும் எட்டுப் புள்ளிகளைக் காக்கிறது. எட்டையும் எட்டுச் சில்லுகள் பங்கிட்டுக் கொள்கின்றன. ஆகவே எட்டில் ஒன்று கெட்டால் ஒரே சில்லுதான் குற்றவாளி என்று தாளில் படம் போட்டுக் காட்டினான். மாற்றினோம், கோடு மறைந்தது. ஆட்டம் முழுவதும் 8 கிலோபைட்டுக்குள், நான்கு சில்லுகளில் அடங்கிவிடுகிறது என்பதையும் அவன்தான் சொன்னான். வாசகர் கையில் உள்ள இந்தக் கட்டுரையைக் கணினியில் ஏற்றினால் இதற்கே அதைவிட அதிக இடம் பிடிக்கும்!

பகைவர் 55 பேர், 5 வரிசைகளில் 11 பேர் வீதம். முதலில் மெதுவாக வருவார்கள். ஆள் குறையக் குறைய வேகம் கூடும். கடைசி ஒருவன் பறப்பான். இயந்திரம் ஒரு விநாடிக்கு ஏறத்தாழ 60 முறை திரையைப் புதுப்பிக்கிறது. ஒரு முறைக்கு ஒருவனை மட்டுமே நகர்த்துகிறது. ஐம்பத்தைந்து பேரையும் ஓர் அடி நகர்த்த ஏறக்குறைய ஒரு விநாடி. ஒருவன் மட்டும் மிஞ்சினால் விநாடிக்கு 60 அடி. இந்த வேகத்தை நிஷிகாடோ சமன்படுத்திவிடவில்லை, அப்படியே விட்டார். ஆட்டத்தின் உயிரே அதுவாயிற்று. மனித உருவங்களைச் சுடும்படி அமைப்பதை அவருடைய நிறுவனம் விரும்பவில்லை என்பது நமக்குப் பிடித்த செய்தி. அதனால் அவர் கடலுக்குப் போனார்: கணவாய், நண்டு, பேய்க்கணவாய். காயல்காரருக்கு இவற்றை அடையாளம் கண்டுகொள்ள யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

கருத்து வேறுபாடு ஒன்றும் எழுந்தது. பெட்டியின் பக்கவாட்டில் யாரோ கத்தியால் இரண்டு எழுத்தும் '1981' என்ற ஆண்டும் செதுக்கியிருந்தார்கள். மக்கு வைத்து மூடி, உப்புத்தாள் இட்டுத் தேய்த்து, வண்ணம் பூசிவிட வேண்டும் என்பது நம் கட்சி. "அவரும் இங்கே நின்றவர்தானே வாப்பா, இருக்கட்டும்" என்றான் மகன். கெட்டுப்போன பகுதியைச் சீர் செய்யலாம், வாழ்ந்த சுவட்டை அழிக்கக்கூடாது என்று அவன் வகுத்த எல்லை நமக்கு முழுதும் உடன்பாடில்லை. பொதுச் சொத்தில் பெயர் செதுக்குவது எந்த ஊரிலும் தீய பழக்கமே. ஆயினும் எழுத்து இருக்கிறது. டியூபில் நெடுங்காலம் ஒரே இடத்தில் ஒளிர்ந்ததால் எரிந்து பதிந்துபோன மதிப்பெண் வரியும் இருக்கிறது; நல்ல டியூப் புதிதாகச் செய்வார் இன்று இல்லை என்பதால் அதில் வாதத்துக்கு இடமிருக்கவில்லை.

இப்போது ஆட்டம் ஓடுகிறது. நெஞ்சுத் துடிப்பு போன்ற நான்கு தாழ்ந்த ஒலிகள் படிக்கட்டு வரை கேட்கின்றன. மேலே குறுக்காகப் பறக்கும் தட்டு மட்டும் ஓசையின்றிப் போகிறது. அந்த ஓசைக்கென்றே உள்ள தனிச் சில்லு செத்துவிட்டது. இப்போது எவரும் உற்பத்தி செய்யாத பழைய சில்லு. பழைய இருப்பு வைத்திருப்பவர் ஒருவரைத் தேடிப் பிடித்து மகன் எழுதியிருக்கிறான். மூன்று வாரம் ஆகும் என்று பதில் வந்தது. கல்லூரியில் அடுத்த பருவத்துக்குப் பெயர் கொடுக்கக் கெடுவும் ஏறத்தாழ அந்த நாளிலேயே முடிகிறது. அதைப் பற்றி அவன் எதுவும் சொல்லவில்லை. நாமும் கேட்கவில்லை. நேற்றிரவு பற்றவைக்கும் கோலின் முனையைத் துடைத்து மேசையில் எடுத்து வைத்துவிட்டு மாடிக்குப் போனான். கதவு சாத்தும் சத்தம் கேட்கவில்லை.