முருகைக்கற் சுவர்

தூத்துக்குடியிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலை வழியே தனுஷ்கோடிக்கு நாங்கள் குடும்பமாக வேனில் புறப்பட்டபோது பொழுது புலரவில்லை. எண்பதைக் கடந்த அம்மா முன்னிருக்கையில் செபமாலை உருட்டிக்கொண்டிருந்தார். சாயல்குடியை நெருங்கியபோது பனங்காடுகளுக்கு மேல் கதிரவன் ஏறியிருந்தான்.

ஏர்வாடியில் கண்ணாடித்தளப் படகில் ஏறினோம். தூத்துக்குடி தொடங்கிப் பாம்பன்வரை வரிசையாக அமைந்த 21 தீவுகளும் அவற்றைச் சூழ்ந்த கடலும் 1986ஆம் ஆண்டில் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டவை. கண்ணாடிக்குக் கீழே, மான்கொம்பைப் போலவும் மூளையின் மடிப்புகளைப் போலவும் முருகைகள் விரிந்தன. கல்லென்று நாம் எண்ணுவது, மிகச் சிறிய உயிர்கள் தலைமுறை தலைமுறையாகக் கட்டியெழுப்பிய சுண்ணாம்புக் கூடு. அவற்றின் உடலில் குடியிருக்கும் நுண்பாசியே உணவும் நிறமும் அளிக்கிறது. கடல்நீர் மிகச் சூடேறினால் பாசி நீங்கிவிடும், முருகை வெளுத்துப்போகும். 2016இல் அவ்வாறு வெளுத்து மடிந்தவை பல.

நெடுநேரம் குனிந்து பார்த்திருந்த அம்மா மெல்லச் சொன்னார்: "இதத்தான் உங்க தாத்தா கடப்பாரையால பேத்து வள்ளத்துல ஏத்துனாரு. அந்தக் கூலியிலதான் நான் பள்ளிக்கூடம் போனேன்."

நாங்கள் வாயடைத்துப் போனோம். எங்கள் பழைய வீட்டின் அடித்தளம் கடற்கல் என்று பெருமை பேசி வளர்ந்தவர்கள் நாங்கள். அக்கல் வீடுகளைத் தாங்கியது. காளவாயில் வெந்து சுண்ணாம்பும் ஆனது. பெயர்க்கப் பெயர்க்க, அலைகளைத் தடுத்து நின்ற அரண் குலைந்தது. அந்த 21 தீவுகளுள் விலாங்குச்சல்லியும் பூவரசன்பட்டியும் நீரில் மூழ்கின. 2001இல்தான் முருகைகள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இடம்பெற்றன.

பாம்பனைக் கடந்து, மாலையில் தனுஷ்கோடியை அடைந்தோம். மீனவர் பெண்கடல் என்றழைக்கும் பாக் நீரிணை ஒருபுறம் அமைதியாய்க் கிடந்தது. ஆண்கடலாகிய மன்னார் வளைகுடா மறுபுறம் ஆர்ப்பரித்தது. இடையே, 1964 டிசம்பர்ப் புயல் சிதைத்த தேவாலயம் கூரையின்றி நின்றது. அதன் சுவரை நெருங்கிப் பார்த்தோம். காலையில் உயிருடன் கண்ட அதே பூவடிவங்கள், கல்லுக்குக் கல் பதிந்திருந்தன. இறைவனுக்கு எழுப்பிய இல்லமும் முருகையால் ஆனதே.

அம்மா அச்சுவரில் உள்ளங்கையைப் பதித்துச் சிலுவை வரைந்துகொண்டார். என்ன வேண்டினீர்கள் என்று கேட்டோம். "நன்றி சொன்னேன். மன்னிப்பும் கேட்டேன்" என்றார்.

இருள் கவியத் தொடங்கியது. வேனில் ஏறிக் கதவை அடைத்ததும், பழக்கத்தால் எங்கள் கை குளிரூட்டியின் விசைக்குச் சென்று தயங்கியது. தாத்தா பசிக்காகக் கடப்பாரை எடுத்தார். அவர் சார்பில் நன்றியையும் மன்னிப்பையும் அம்மாவால் ஒரே மூச்சில் சொல்ல முடிந்தது. கடலைச் சூடேற்றும் எங்கள் கைகளிலோ கடப்பாரை இல்லை. வயிற்றில் பசியும் இல்லை. எங்களுக்காக எங்கள் பிள்ளைகள் எந்தச் சுவரில் கைவைத்து, என்னவென்று வேண்டுவார்கள்?

சன்னல்களைத் திறந்துவிட்டோம். வழிநெடுக உப்புக்காற்று எங்களோடு வந்தது.