வெள்ளியா, வெள்ளையா?

பல் டாக்டரின் நாற்காலியில் உட்காருபவர்கள் வழக்கமாகக் கேட்பது இரண்டு கேள்விகள். எவ்வளவு ஆகும்? பல்லின் நிறத்திலேயே இருக்குமா? மூன்றாவது கேள்வியைக் கேட்பவர்கள் குறைவு: அடைத்த பொருளுக்கும் பல்லுக்கும் நடுவே இடைவெளி விழாதா?

பல்லின் ஆயுளே அந்தக் கேள்வியில்தான் இருக்கிறது. கண்ணுக்குத் தெரியாத இடுக்கு போதும், கிருமிகள் நுழைந்துவிடும். அடைப்புக்கு அடியிலேயே மறுபடி சொத்தை. வலி எடுக்கும்போது பெரும்பாலும் வேர் சிகிச்சைதான். இல்லாவிட்டால் பல்லையே பிடுங்க வேண்டும்.

'வெள்ளி அடைப்பு' எனப்படும் அமால்கத்தில் எடையில் சுமார் பாதி பாதரசம். மீதி வெள்ளி, தகரம், தாமிரம். இது பல்லோடு ஒட்டாது. உள்ளே அகலமாகவும் வாயில் குறுகலாகவும் குழி குடைந்து அழுத்தி நிறுத்துகிறார்கள். ஆரம்பத்தில் ஓரத்தில் கசிவு உண்டு. நாளாக ஆக உலோகம் அரித்து, அந்த அரிமானமே இடுக்கை நிரப்பிவிடும். வயதான பிறகு பொறுப்பு வருகிற ரகம்.

வெள்ளை காம்பஸிட் இதற்கு நேர்மாறு. நீல ஒளி பட்டு இறுகும்போது 2 முதல் 3 சதவீதம் சுருங்கி, ஓரத்தை இழுக்கிறது. எனாமலை அமிலத்தால் சொரசொரப்பாக்கி ஒட்டவைக்க 1955இல் அமெரிக்கரான மைக்கேல் புவனகோர் சொன்ன வழிதான் அதைக் காப்பாற்றுகிறது. மெல்லிய அடுக்குகளாக வைக்க வேண்டும். நடுவில் எச்சில் பட்டால் ஒட்டு கெட்டது.

1970களின் தொடக்கத்தில் லண்டனில் ஆலன் வில்சனும் பிரையன் கென்ட்டும் உருவாக்கிய கிளாஸ் அயனோமர், பல்லின் கால்சியத்தோடு தானாகவே ஒட்டும், ஃபுளோரைடும் கசியவிடும். மின்சாரமில்லாத கிராமத்தில்கூடக் கைக்கருவியால் சொத்தையைச் சுரண்டி எடுத்து இதை வைத்து அடைக்கலாம். ஆனால் கடைவாயின் அரைப்பைத் தாங்கும் வலு குறைவு.

பாதரசத்தைக் கட்டுப்படுத்தும் மினமாட்டா உடன்படிக்கையை இந்தியா 2018இல் ஏற்றது. 2034க்குள் அமால்கத்தைக் கைவிட உறுப்பு நாடுகள் 2025 நவம்பரில் ஜெனீவாவில் ஒப்புக்கொண்டன. சுற்றுச்சூழலுக்கு நல்லதுதான். ஆனால் அமால்கம் டாக்டரின் அவசரத்தையும் நோயாளியின் எச்சிலையும் ஓரளவு பொறுத்துக்கொண்டது. காம்பஸிட் பொறுக்காது. வரிசை வாசல்வரை நீளும் அரசு மருத்துவமனையில் ஒரு பல்லுக்கு அரை மணி நேரம் ஒதுக்குவது யார்?

பாதரசத்தை உத்தரவு போட்டு விலக்கிவிடலாம். பல்லை ஈரமில்லாமல் வைத்து நிதானமாக அடைப்பதற்கு அதிக டாக்டர்களும் அதிக நாற்காலிகளும் வேண்டும். அந்தக் கணக்கைப் போடாவிட்டால், வெள்ளை அடைப்பின் பளபளப்புக்குக் கீழே சொத்தை மெதுவாக வளரும், அதுவும் ஏழையின் வாயில்.