வீட்டில் எத்தனை பேர்?

2025 அக்டோபர் கடைசியில், மூன்று வார விடுப்பில், நியூ ஜெர்சி மாநிலத்து எடிசனில் அக்கா வீட்டில் இருந்தேன். பயணக் கட்டுரை எழுதும் உத்தேசம் இல்லை. அமெரிக்கா போய் வந்தவர்கள் எழுதுகிற கட்டுரைகளைப் பற்றி நானே கடுமையாக எழுதியிருக்கிறேன். ஆனால் அந்த வார இறுதியில் நான் கேட்ட ஒரு கேள்வி இன்னும் உறுத்திக்கொண்டிருக்கிறது. ஹாலோவீனைச் சொல்லாமல் அதைச் சொல்ல முடியாது.

31ஆம் தேதி வெள்ளிக்கிழமை. முந்தின நாள் மழையில் மேப்பிள் இலைகள் தெருவோடு ஒட்டிக் கிடந்தன. அன்று காற்று. எதிர்வீட்டுப் புல்வெளியில் பிளாஸ்டிக் எலும்புக்கூடு ஒன்று விழுந்து விழுந்து எழுப்பி வைக்கப்பட்டது. வாசற்படிகளில் கண்ணும் வாயும் செதுக்கிய பரங்கிக்காய்கள். அக்கா மகளுக்கு எட்டு வயது. சூனியக்காரித் தொப்பியைப் பகல் இரண்டு மணிக்கே போட்டுக்கொண்டு கழற்ற மறுத்துவிட்டாள். இருட்டியதும் குழந்தைகள் வேஷத்தோடு வீடு வீடாகப் போய் மிட்டாய் கேட்பார்கள். முகப்பு விளக்கு எரிந்தால் அந்த வீட்டில் கேட்கலாம், அணைந்திருந்தால் கேட்கக்கூடாது. இல்லை என்று வாயால் சொல்லத் தேவையில்லாத ஏற்பாடு. எங்கள் கிளையில் 'கவுண்டர் மூடப்பட்டது' என்ற பலகைக்கு இருக்கிற அதே நாகரிகம்தான்.

இந்தக் கேட்டல் குழந்தைகளுடையதாக ஆரம்பிக்கவில்லை. நவம்பர் 1 புனிதர்கள் நாள், 2 இறந்த ஆத்மாக்களின் நாள். நம் ஊர்க் கிறிஸ்தவர்கள் கல்லறைகளில் மெழுகுவர்த்தி ஏற்றுவதும் இந்த இரண்டாம் தேதியில்தான். பழைய இங்கிலாந்தில் ஏழைகள் அந்நாட்களில் வீடு வீடாகப் போய் ரொட்டி கேட்டார்கள். கொடுத்த வீட்டின் இறந்தவர்களுக்காகப் பிரார்த்தனை செய்தார்கள். ஷேக்ஸ்பியரின் 'வெரோனாவின் இரு கனவான்கள்' நாடகத்தில் காதலில் முனகும் எஜமானனை வேலைக்காரன் இந்த நாளின் பிச்சைக்காரனோடு ஒப்பிட்டுக் கேலி செய்கிறான். பி.ஏ. வகுப்பில் அதை ஓர் அடிக்குறிப்பாகக் கடந்துபோனோம். அயர்லாந்தில் டர்னிப் கிழங்கில் குடைந்த விளக்கு அமெரிக்காவில் பரங்கிக்காய்க்கு மாறியது. இரண்டாம் உலகப் போரில் சர்க்கரைக்கு ரேஷன் வந்து மிட்டாய் வசூல் சுருங்கி, போருக்குப் பின் பெருகியது. இதற்கிடையில் எங்கேயோ ஏழை இந்தச் சடங்கிலிருந்து வெளியேறிவிட்டான். கேட்கும் முறை மட்டும் தங்கிவிட்டது.

அந்த வருஷம் அவன் திரும்பி வந்தான். நிதி ஒதுக்கீடு நிறைவேறாமல் அக்டோபர் 1 முதல் அமெரிக்க மத்திய அரசு முடங்கியிருந்தது. 'ஸ்னாப்' என்ற உணவு உதவி அங்கே ஏறத்தாழ 4 கோடியே 20 லட்சம் பேருக்கு, எட்டில் ஒருவருக்கு, அப்போது மாதாமாதம் ஓர் அட்டையில் ஏறிவந்தது. நவம்பர் தொகை ஏறாது என்று அறிவித்துவிட்டார்கள். அதே வெள்ளிக்கிழமை இரண்டு மத்திய நீதிபதிகள் அதற்கு எதிராகச் சொன்னார்கள். ஆனாலும் மறுநாள் தொகை ஏறவில்லை.

அக்கா முகப்பில் மிட்டாய்ச் சட்டியை வைத்தாள். பக்கத்தில் ஓர் அட்டைப்பெட்டியையும் வைத்தாள். அரிசி, துவரம்பருப்பு, பாஸ்தா, டின்னில் அடைத்த பீன்ஸ், கடலை வெண்ணெய். 'வேண்டியதை எடுத்துக்கொள்ளுங்கள், கேட்க வேண்டாம்' என்று ஆங்கிலத்தில் எழுதி ஒட்டினாள். அத்தானுக்கு நம்பிக்கை இல்லை. "இந்தத் தெருவுல யாரு வந்து எடுக்கப் போறா? எல்லாரும் பாக்கத்தானே செய்வாங்க மாப்ள," என்றார். பிறகு அவரும் மகளும் தங்கள் வசூலுக்குக் கிளம்பினார்கள். அக்கா உள்ளே போய்விட, வாசலில் நான் உட்கார்ந்தேன்.

காஷியர் புத்தி, எண்ணினேன். ஏழரை மணிக்குள் 63 குழந்தைகள். சிலந்தி மனிதர்கள், இளவரசிகள், ஒரு தபால்பெட்டி. பெற்றோர்கள் நடைபாதையிலேயே நின்று நன்றி சொல்லும்படி பிள்ளைகளுக்கு நினைவூட்டினார்கள்.

64ஆவது ஒரு வண்ணத்துப்பூச்சி, நாலு வயதிருக்கும். கூட வந்தது வெள்ளைப் படுக்கை விரிப்பைத் தலையோடு போர்த்தி இரண்டு கண் ஓட்டைகள் வெட்டிய பேய். உயரத்தைப் பார்த்தால் வளர்ந்த ஆள். மற்ற பெரியவர்களைப் போல நடைபாதையில் நிற்காமல் படியேறி வந்தது. சிறுமி மிட்டாய் எடுத்தாள். விரிப்புக்குள்ளிருந்து ஒரு பெண் கை நீண்டு அரிசிப் பையைத் தூக்கியது. இரண்டு டின்களையும் எடுத்தது.

"வீட்டில் எத்தனை பேர்?" என்று ஆங்கிலத்தில் கேட்டேன்.

கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. நிறையப் பேர் என்றால் இன்னும் எடுத்துக்கொள்ளச் சொல்லலாம் என்றுதான். ஆனால் எந்தக் குரலில் கேட்டேன் என்று எனக்குத் தெரியும். பத்து வருஷமாகக் கவுண்டருக்குள்ளிருந்து பேசுகிற, மரியாதையான, பேனாவைத் திறந்து வைத்துக்கொண்ட குரல். கை நின்றது. டின்கள் ஒவ்வொன்றாகப் பெட்டிக்குள் திரும்பின. பிறகு அரிசி. சிறுமி மட்டும் திரும்பிப் பார்த்து நன்றி சொன்னாள். காற்று விரிப்பை இழுத்ததால் அதை ஒரு கையால் பிடித்துக்கொண்டு பேய் இறங்கிப் போனது.

அக்கா ஜன்னல் வழியாகப் பார்த்திருக்கிறாள். "ஏல, கேக்க வேண்டாம்னுதானே எழுதி ஒட்டியிருக்கேன்," என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "அப்பாவ மறந்துட்டியா?" என்றாள்.

மறக்கவில்லை. குலசேகரன்பட்டினம் தசராவில் நேர்ந்துகொண்டவர்கள் மாலை போட்டு விரதம் இருந்து, காளியாக, குரங்காக, குறத்தியாக, பிச்சைக்காரராக வேஷம் கட்டி, ஊர் ஊராகக் காணிக்கை எடுத்து முத்தாரம்மன் கோயிலில் செலுத்துவார்கள். 1997இல் எனக்கு ஒன்பது வயது. டைபாய்டில் கிடந்து பிழைத்தேன். நேர்ந்துகொண்டவள் அம்மா, வேஷம் கட்டியவர் அப்பா. லாரி புக்கிங் ஆபீஸில் கணக்கெழுதிய மனுஷர். கூடப் பிறந்த அண்ணனிடம்கூடக் கைமாற்றுக் கேட்காதவர். அவருக்கு வாய்த்தது பிச்சைக்காரர் வேஷம். கிழிந்த சாக்கும் தகரக் குவளையுமாக எங்கள் தலைமையாசிரியர் வீட்டு வாசலில் அவர் நின்றபோது நான் எதிர்த்த கடையின் மறைவில் ஒளிந்துகொண்டேன். தலைமையாசிரியர் குவளையில் காசு போட்டுவிட்டு அப்பாவைக் கும்பிட்டார். எதற்கு, யாருக்கு என்று கேட்கவில்லை. வேஷக்காரரை யாரும் கேட்பதில்லை. ஆனால் எனக்கு அன்று தெரிந்தது அப்பா கேட்டது மட்டும்தான், அவர் கும்பிடப்பட்டது அல்ல.

முகமூடி மறைப்பதற்கானது என்று நம் விமர்சனத்தில் ஒரு சௌகரியமான சூத்திரம் புழங்குகிறது. அதைக் கிழித்தால் உள்ளே உண்மையான முகம் கிடைத்துவிடும் என்று இரண்டு மூன்று கவிஞர்களைப் பற்றி நானும் எழுதியிருக்கிறேன். பெருமையாகவும் இருந்தது. வெறும் முகத்தோடு கேட்க முடியாத ஒன்றைக் கேட்பதற்கும் முகமூடி வேண்டியிருக்கலாம் என்று எனக்கு அப்போது தோன்றவில்லை. (நம் ஆசிரியர் சந்தா கேட்டு எழுதும் கடிதங்கள் வேறு ரகம். அவற்றில் வேஷம் எதுவும் கிடையாது. அதனால்தான் பணம் வருவதில்லை போலும்.) கிழிப்பவன் கையில் எப்போதும் உண்மை கிடைக்கிறதா, வெறும் விரிப்பு கிடைக்கிறதா என்பதை அந்தக் கட்டுரைகளைத் திரும்பப் படித்துத்தான் பார்க்க வேண்டும். எனக்கு இன்னும் தைரியம் வரவில்லை.

சனிக்கிழமை தெருவில் இலை கூட்டினார்கள். எலும்புக்கூட்டை மடக்கிக் காருக்குப் பின்னால் போட்டார்கள். அக்கா பெட்டியை முகப்பிலிருந்து எடுத்து, வாசற்கதவின் காமிரா எட்டாத இடமாகப் பார்த்து, நடைபாதை ஓரம் வைத்தாள். இரவு முகப்பு விளக்கையும் அணைத்துவிட்டாள். அணைந்த விளக்குக்கு அன்று அர்த்தம் மாறிவிட்டது. அந்த ராத்திரி இரண்டு மணிக்குக் கடிகாரத்தை ஒரு மணி பின்னுக்கு வைப்பது அந்த நாட்டு வழக்கம். அந்த உபரி மணியில் விழித்துக் கிடந்தேன். வெளியே காலடிச் சத்தம் கேட்டதாகச் சொன்னால் கதையாகிவிடும். கேட்கவில்லை.

ஞாயிறு காலையில் அரிசியும் டின்களும் பாஸ்தாவும் இல்லை. துவரம்பருப்பு மட்டும் அப்படியே இருந்தது. "இத என்ன செய்யன்னு தெரியலையோ என்னவோ," என்று அக்கா அதை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். எடுத்தவர் அந்தப் பெண்தானா என்று தெரிந்துகொள்ள எனக்கு ஆசையாக இருந்தது. அந்த ஆசையும் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்ட ஆசைதான்.

நவம்பரில் வேலைக்குத் திரும்பினேன். முதல் நாளே முதியோர் உதவித்தொகைக் கூட்டம். உப்பும் சாம்பலும் தேய்த்துத் தேய்த்து ரேகை அழிந்த கட்டைவிரல்களை இயந்திரம் ஏற்பதில்லை. ஒரு கிழவிக்கு இரண்டு தடவையும் விழவில்லை. அவள் விரலை முந்தானையில் துடைத்துக்கொண்டு என் முகத்தைப் பார்த்தாள். கேட்க வேண்டிய கேள்விகள் நான்கைந்து படிவத்தில் இருக்கின்றன.

"இன்னொரு தடவை வைங்கம்மா," என்றேன்.