உப்பளத்தில் ஒரு பாடம்

தூத்துக்குடிக்குப் போகிறவர்கள் பனிமய மாதா கோயிலைப் பார்ப்பார்கள். மக்ரூன் பொட்டலத்தோடு ஊர் திரும்புவார்கள். குழந்தைகளை அழைத்துப் போகிறவர்கள் இன்னும் இரண்டு மணி நேரம் ஒதுக்கி உப்பளத்தையும் பார்த்துவிட்டு வரலாம் என்பது என் யோசனை. நாலாம் வகுப்பு அறிவியல் பாடம் அங்கே வெயிலில் விரிந்து கிடக்கிறது!

திருச்செந்தூர் சாலையில் பஸ்ஸில் போனால், முள்ளக்காடு பக்கம் வரும்போதே ஜன்னல் வழியே வெள்ளை வெளேரென்று உப்புக் குவியல்கள் தெரிகின்றன. கோடை விடுமுறையில் போன நாங்கள், அளத்துக் கணக்கரிடம் அனுமதி கேட்டுக்கொண்டு வரப்பில் நடந்தோம்.

என் மகன் 'நீர் ஆவியாதல்' பாடத்தைக் கடகடவென்று ஒப்பிப்பான். இங்கே வந்ததும், "அடுப்பிலே கொதிக்க வெச்சாத்தானே தண்ணி ஆவியாகும்? இங்கே அடுப்பே இல்லையேம்மா!" என்றான்.

நியாயமான கேள்விதானே! கொடியில் காயப்போட்ட புடவையை நினைத்துப் பாருங்கள். அதை யாரும் கொதிக்க வைப்பதில்லை. இருந்தும் ஈரம் போய்விடுகிறது. சுருட்டிப் போட்டால் நாளெல்லாம் ஈரமாகவே கிடக்கும். விரித்துப் போட்டால் ஒரு மணியில் காய்ந்துவிடும். காற்று அடித்தால் இன்னும் சீக்கிரம். உப்பளத்திலும் இதே கதைதான். கடல்நீரையும், நிலத்தடியில் ஊறும் உப்புநீரையும் ஆழமில்லாத அகலமான பாத்திகளில் பரப்பிவிடுகிறார்கள். வெயிலும் காற்றும் மற்றதைப் பார்த்துக்கொள்கின்றன.

ஒரு லிட்டர் கடல்நீரில் சுமார் 35 கிராம் உப்புகள் கரைந்திருக்கின்றன. நீர் சுண்டச் சுண்ட, முதலில் சுண்ணாம்புச் சத்தும் ஜிப்சமும் அடியில் தங்கிவிடும். அதன் பிறகு அடுத்த பாத்திக்குப் பாயும் நீரில்தான் நம் சமையல் உப்பு படிகமாகிறது. மிச்ச நீரில் மக்னீசிய உப்புகள் நிறைய இருப்பதால் ஒரே கசப்பு. அதை வடித்துவிடுகிறார்கள்.

பாத்தியில் உப்பு வாரிக்கொண்டிருந்த ஒரு அம்மாள் கை நிறைய எடுத்துக் காட்டினார். "பாருங்க தம்பி, எல்லாம் கட்டம் கட்டமா இருக்கும்." உண்மைதான், குட்டிக் குட்டிச் சதுரப் பெட்டிகள்!

"தண்ணியெல்லாம் எங்கே போச்சு?" என்று கேட்டான் பையன்.

"மேலே போயிட்டுது தம்பி. ஐப்பசியிலே மழையா திரும்பி வந்து எங்க வயித்துலே அடிக்கும்" என்றார் அந்த அம்மாள், சிரித்துக்கொண்டே.

நீர்ச் சுழற்சியை இதைவிடச் சுருக்கமாக யார் சொல்ல முடியும்! ஆவியாகிற நீர் உப்பைத் தூக்கிக்கொண்டு போவதில்லை. அதனால்தான் கடலிலிருந்து கிளம்பினாலும் மழைநீர் கரிப்பதில்லை. ஆனால் வடகிழக்குப் பருவமழை வந்துவிட்டால் பாத்தியில் உப்பு விளையாது. வேலையும் இல்லை, கூலியும் இல்லை.

அந்த அம்மாளின் பாதங்களைப் பார்த்தேன். உப்புநீரில் நின்று நின்று வெடித்திருந்தன. வெள்ளை உப்பில் பட்டுத் தெறிக்கும் வெயில் கண்ணையும் கெடுக்கும். அதனால்தான் பலர் விடியுமுன்னே வேலையைத் தொடங்கிவிடுகிறார்களாம். நம் அஞ்சறைப் பெட்டிக்குப் பக்கத்தில் இருக்கும் உப்பு ஜாடியில் இந்தப் பாடும் இருக்கிறது என்பதைக் குழந்தைகளுக்குச் சொல்ல வேண்டாமா?

போக நினைப்பவர்கள் மார்ச்சிலிருந்து செப்டம்பருக்குள், காலை பத்து மணிக்கு முன்பே போய் வந்துவிடுங்கள். குடிநீர், குழந்தைக்குத் தொப்பி அவசியம். கேட்காமல் பாத்தியில் கால் வைக்க விடாதீர்கள்.

போக முடியாதவர்கள் வீட்டிலேயே செய்து பார்க்கலாம். ஒரு டம்ளர் வெந்நீரில் கல் உப்பைக் கரையும் மட்டும் கரைத்து, ஆறியதும் பாதியைத் தட்டிலும் மீதியைக் குறுகிய வாய் பாட்டிலிலும் ஊற்றி மாடியில் வையுங்கள். எது முதலில் காய்கிறது என்று குழந்தையே சொல்லட்டும். நல்ல தண்ணீரில் மூழ்கும் முட்டை, இப்படிக் கரைத்த உப்புநீரில் மிதப்பதையும் காட்டுங்கள். உப்பு கரைந்த நீர் கனமாகிவிடுவதுதான் காரணம்.

அளத்தில் அள்ளிய உப்பை அப்படியே சமையலுக்கு எடுத்து வந்துவிடாதீர்கள். சமையலுக்கு அயோடின் சேர்த்த உப்புதான் வேண்டும். சேர்க்காத உப்பைச் சாப்பாட்டுக்கு விற்பதற்கு 2006 முதல் நாடு முழுவதும் தடை இருக்கிறது. அயோடின் குறைந்தால் கழுத்தில் கழலை வரும். கர்ப்பிணிகளுக்குக் குறைந்தால் வயிற்றிலுள்ள குழந்தையின் மூளை வளர்ச்சியே பாதிக்கப்படும். அயோடினும் சூட்டிலும் ஈரத்திலும் மெல்லக் குறையக்கூடியதுதான். ஆகவே உப்பு ஜாடியை அடுப்புக்குப் பக்கத்தில் திறந்து வைக்காமல், இறுக மூடித் தள்ளி வையுங்கள். ஏன் என்று குழந்தை கேட்டால், இன்னொரு பாடம் தொடங்கிவிட்டது என்று அர்த்தம்!