எண்பத்தெட்டாம் சங்கீதம்

ஆச்சிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் பைபிளைக் கையில் கொடுத்தால் கட்டைவிரலை நடுவில் சொருகித் திறப்பாள்; சங்கீதத்தில் எழுபதோ எண்பதோ வந்து நிற்கும். "இன்னும் நாலு தாள் தள்ளு" என்பாள். தள்ளினால் அவள் கேட்டது இருக்கும். வாசிப்பது மட்டும் என் வேலை. அரிக்கேன் விளக்கைத் திண்ணையில் வைத்து, தப்பாக வாசித்தால் தொடையில் கிள்ளு வாங்கிக்கொண்டு வாசித்திருக்கிறேன்.

எங்கள் ஊர் சாத்தான்குளம் பக்கத்துத் தேரிக்காட்டில். கொஞ்ச தூரத்தில் முதலூர். வேதத்துக்கு வந்ததற்காகச் சொந்த ஊரில் இருக்கவிடாமல் துன்புறுத்தப்பட்டவர்கள் 1799-ல் வந்து குடியேறிய ஊர் அது. சுற்றி இருந்த எல்லாரையும் போல நாங்களும் பனையை நம்பிய குடும்பம். பதநீர்க் காலத்தில் அப்பா விடியுமுன் ஒரு சுற்று, சாயங்காலம் ஒரு சுற்று ஏறுவார். நாற்பது மரம் என்றால் ஒரு நாளைக்கு எண்பது தடவை ஏறி இறங்க வேண்டும். அம்மா விடிலியில் பதநீரைக் காய்ச்சிச் சிரட்டையில் ஊற்றுவாள். சுண்ணாம்பு தடவிய கலயத்தைக் கழுவுவது பிள்ளைகள் பாடு.

நான் நாலாம் வகுப்பு முடித்த கோடையில் அப்பா மரத்திலிருந்து விழுந்தார். தளைநார் அறுந்ததா, மட்டை வழுக்கியதா என்று அவருக்கே தெரியவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வந்தபோது கயிற்றுக்கட்டிலில் ஆடாமல் அசையாமல் கிடக்க வேண்டும் என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். எவ்வளவு நாளைக்கு என்று யாரும் சொல்லவில்லை. சீசனுக்கு முன்பே கருப்பட்டி வியாபாரியிடம் முன்பணம் வாங்கியிருந்தோம். எங்கள் விடிலியில் அடுப்பு அணைந்தது. அம்மா அடுத்தவர் விடிலிக்குக் காய்ச்சப் போனாள்.

பார்க்க வந்தவர்கள் சும்மா வரவில்லை. ஆளுக்கொரு வசனத்தோடு வந்தார்கள். புது வருஷ ஆராதனையில் கொடுக்கிற வாக்குத்தத்த அட்டைகள், ரோஜாப்பூப் படம் போட்டவை, அப்பாவின் தலைமாட்டுச் சுவரில் சோற்றுப்பருக்கையால் ஒட்டப்பட்டன. உபதேசியார் கொண்டுவந்தது எரேமியா இருபத்தொன்பதாம் அதிகாரம் பதினோராம் வசனம். தேவன் நமக்காக வைத்திருப்பது நன்மையான நினைவுதான் என்று அதை விளக்கி, "சீக்கிரமே எழுந்து நடப்பாரு, விசுவாசிங்க" என்றார்.

ஆச்சி என்னைப் பார்த்தாள். "ஏல, அதுக்கு முந்தின வசனத்த வாசி."

வாசித்தேன். பாபிலோனில் எழுபது வருஷம் முடிந்த பிறகுதான் மீட்பு என்று இருந்தது.

"அவரு எழுவது வருசம்னு சொல்லுதாரு. நீங்க சீக்கிரம்னு சொல்லுதியளே, உபதேசியாரே" என்றாள் ஆச்சி. அவர் சிரித்துக்கொண்டே காப்பியைக் குடித்துவிட்டுப் போனார். நல்ல மனுஷர். அந்த வருஷம் முழுக்க எங்கள் வீட்டுக்கு அரிசி வந்ததில் அவர் கை உண்டு என்று பின்னால் தெரிந்தது.

எல்லாரும் போன பிறகு ஆச்சி கேட்டது எண்பத்தெட்டாம் சங்கீதம். ஏமான் என்பவர் பெயரில் இருப்பது. மற்றப் புலம்பல் சங்கீதங்களில் பெரும்பாலும் கடைசியிலாவது ஒரு திருப்பம் வரும். அழுதவன் துதித்துக்கொண்டு எழுந்துபோவான். இதில் அது கிடையாது. ராப்பகலாகக் கூப்பிடுகிறேன், குழியில் இறங்குகிறவர்களோடு என்னையும் எண்ணிவிட்டார்கள், ஏன் முகத்தை மறைக்கிறீர் என்று கேட்டுக்கொண்டே போய் இருட்டிலேயே முடிந்துவிடும். படுத்திருக்கிற மனுஷன் காதில் விழ இதையா வாசிப்பது என்று அம்மாவுக்குக் கோபம்.

"தேவனத் திட்டுனவன் பாட்டையும் சேத்துத்தான பைபிள்ல போட்டிருக்காவ? அப்ப நாமளும் கொஞ்சம் திட்டலாம்" என்றாள் ஆச்சி.

விழுந்ததிலிருந்து அப்பா அழுது நாங்கள் பார்த்ததில்லை. பார்க்க வருகிறவர்களிடமெல்லாம் "கர்த்தர் நல்லவர்" என்று சொல்லி அனுப்பிவிட்டுச் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொள்வார். அந்த ராத்திரி நான் வாசித்து முடித்ததும் போர்வையை இழுத்து முகத்தில் போட்டுக்கொண்டு சத்தமாகவே அழுதார். மறுநாள் காலையில் இட்லி எங்கே என்று கேட்டார். இரண்டுக்கும் சம்பந்தம் இருக்கிறதா என்று என்னால் நிரூபிக்க முடியாது. ஆனால் மாதக்கணக்கில் எங்கள் குடும்ப ஜெபத்தில் அந்தச் சங்கீதமே ஓடியது.

எரேமியாவையும் ஆச்சி விடவில்லை. எழுபது வருஷம் என்று சொன்ன அதே கடிதத்தில்தான், அந்நிய ஊரிலேயே வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், அதன் பலனைச் சாப்பிடுங்கள் என்று அவர் எழுதுகிறார். கி.மு. 597-ல் எருசலேமிலிருந்து பிடித்துக்கொண்டு போகப்பட்ட ஜனங்களுக்கு வந்த கடிதம். அனனியா என்ற தீர்க்கதரிசி இரண்டே வருஷத்தில் எல்லாம் சரியாகிவிடும் என்று இனிக்க இனிக்கச் சொல்லிக்கொண்டிருந்த சமயம் அது. கேட்கிறவனுக்கு எது பிடித்திருக்கும்? இரண்டு வருஷம்தான். எனக்கும் அப்படித்தான் இருந்தது.

ஆச்சிக்குத் தோட்டம் என்றால் பனை. ஆவணியில் விழுந்த பனம்பழங்களைப் பொறுக்கிக் கொட்டையைப் பாதி நிலத்தில் கிழங்குக்காகவும், வேலியோரம் ஒரு வரிசை மரமாகட்டும் என்றும் புதைத்தாள். வேலியோரம் என்னையும் குழி தோண்ட வைத்தாள். தை பிறந்ததும் பிள்ளைகள் நாங்கள் கிழங்கு பிடுங்கப் போனோம். வேலியோரத்துக் கிழங்குதான் நல்ல பருமன். மண்ணைக் கிளறி, விரல் தண்டிக்கு இருந்த ஒன்றை நான் பிடுங்கியபோது பின்னாலிருந்து முதுகில் ஒரு அடி விழுந்தது. "அது தின்ன இல்ல."

"பனை பாளை விட பதினஞ்சு வருசம் ஆகுமே, யாரு ஏற?" என்று கட்டிலில் இருந்தபடி அப்பா கேட்டார். அவர் அந்தத் தோட்டத்தைப் பற்றிப் பேசியது அதுதான் முதல் தடவை. அதற்குப் பிறகு ஓலையைக் கொண்டுவந்து பக்கத்தில் போடச் சொல்லி, படுத்தபடியே பெட்டி முடையத் தொடங்கினார். கருப்பட்டிக்கு ஓலைப்பெட்டி எப்போதும் தேவை. வியாபாரி கடனைப் பெட்டிக் கணக்கில் கழித்துக்கொண்டார். கம்பு ஊன்றி நடக்க அதற்கப்புறம் வெகுகாலம் ஆனது. மரம் மட்டும் அவர் ஏறவே இல்லை.

ஆச்சி போனபோது வேலியோரப் பனைகள் இன்னும் வடலிகள். எனக்குக் கல்யாணமான பிறகுதான் பாளை விட்டன. ஏறுவதற்கு ஒரு ஆளைப் பேசி வைத்தோம். அவர் முதல் நாளே இறங்கி வந்து, ஒரு மரத்துக்கும் அடுத்த மரத்துக்கும் நடுவில் இப்படி நெருக்கிவைத்தால் மட்டை மட்டையில் உரசுகிறது, எந்தக் கிறுக்கன் குழி தோண்டினான் என்று கேட்டார். அப்பா கம்பை என் பக்கம் நீட்டிக் காட்டினார்.